விடுமுறைக்கால முகவரி

இங்குருகடைச் சந்தி தாண்டி
களனிப் பாலத்து ஏற்றத்தில்
விடியப்புறம் ஐந்து நாற்பதுக்கு
எங்கள் விடுமுறை நின்றது.

சட்டென்று நிற்கவில்லை.
முதலில் ஒரு விசில்,
பல்லிடுக்கால் மூச்சுவிடும் ஆளைப்போல.
பிறகு இழுவை போயிற்று.
மிதிக்க மிதிக்கக் கரும்புகைதான் வளர்ந்தது.
பக்கக் கண்ணாடியில்
ஒன்பது மாதம் றெஜி வெட்டி, ஒட்டி, பூட்டிய
அந்த வெள்ளை வீட்டுப்பெட்டி
பாதி புகைக்குள் போயிருந்தது.

"மூன்றைப் போடுங்கோ" என்றேன்.
"இரண்டிலயே சாகுது" என்றார்.
பதினேழு வருடத்தில்
நான் கேட்டிராத குரல்.

பின்னால் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள்.
வீட்டையே தூக்கிக்கொண்டு எங்கே போறீங்கள்
என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான்.
ஷெரீனா சிரித்துவிட்டாள்.
அப்பாவின் பிடரியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இழுவைப்பெட்டியோடு பின்னுக்கு எடுப்பது
யாரும் பழகிப் பார்க்காத வேலை.
வலப்பக்கம் ஒடித்தால் அது இடப்பக்கம் போகும்.
இரண்டு பொலிஸ்காரர்,
ஒரு லொத்தர் சீட்டு விற்பவர்,
சைக்கிளில் வந்த பாண்காரர்,
ஆளுக்கொரு திசை காட்டினார்கள்.
நாலு பேர் சொன்னதையும் றெஜி கேட்டார்.

பஞ்சிகாவத்தையில்
ஜௌபர் பாஸ் பொனற்றைத் திறந்து
ஒன்றும் பேசாமல் கையை உள்ளே விட்டார்.
மாட்டுக்குப் பேறு பார்ப்பவர் மாதிரி
முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.
வெளியே வந்தது ஒரு றப்பர்க் குழாய்,
ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து.
"டர்போக் காத்தெல்லாம் இதால போயிட்டு.
மூச்ச வெளிய விட்டுட்டு மேடு ஏறச் சொன்னா?
பெட்டி எத்தன கிலோ?"
"எண்ணூறு."
பாஸ் குனிந்து டயரைப் பார்த்தார்.
பிறகு றெஜியைப் பார்த்தார்.

நான் வாய் திறக்கவில்லை.
குளியலறைக்குச் சீமெந்தில் தரையோடு பதித்தது யார்,
அலுமாரிக்குத் தேக்கங்கதவு போட்டது யார்,
பாசிக்குடாவில் அரிசி கிடைக்காதென்று
இருபத்தைந்து கிலோ மூட்டை ஏற்றியது யார்.
கடைசியது நான்.

லஹிரு என்ற பொடியன்
கிழிந்த குழாயைக் கழுத்தில் மாலையாகப் போட்டு
கடை கடையாக ஏறி இறங்கினான்.
விட்டம் சரி, வளைவு பிழை.
வளைவு சரி, வாய் சின்னன்.
மூன்றரைக்கு வந்து சொன்னான்:
நாளைக்குப் பத்து மணிக்கு.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில்.
ஓட்டோவில் பத்து நிமிடம்.
வீட்டுச் சாவி என் கைப்பையில் கிடந்தது,
தொட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.
ஓட்டோ பிடிப்போமா என்று றெஜியும் கேட்கவில்லை.
லீவுப் படிவத்தில்
விடுமுறைக்கால முகவரி என்ற இடத்தில்
பாசிக்குடா, கடற்கரை என்று
நான் எழுதிக் கொடுத்திருந்தேன்,
மனேஜர் கையெழுத்தும் வைத்துவிட்டார்.

ஷெரீனாதான் பக்கத்துப் பந்தலை இழுத்து விரித்தாள்.
கழற்றிப் போட்ட கியர்பெட்டிகளுக்கும்
அச்சுக் குவியலுக்கும் நடுவே
மூன்று மடக்குக் கதிரைகள்.
சோறு வடித்தேன். ரின்மீன் குழம்பு.
எண்ணெய் மணம் பாதி, கொச்சிக்காய் மணம் பாதி.
ஜௌபர் பாஸ் வீட்டிலிருந்து
ஒரு கோப்பை வட்டிலப்பம் வந்தது.
கராஜ் நாய்க்கு நீச்சல் வளையம் பிடித்துப்போயிற்று,
அதற்குள்ளேயே சுருண்டது.

பத்தரைக்கு மழை.
தகரத்தில் விழுந்து, தார்ப்பாயில் விழுந்து,
பிறகு எங்கள் கூரையில்.
றெஜி எழுந்து உட்கார்ந்தார்.
மூலைக்கு மூலை உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.
"சொட்டுதா?"
"இல்லை."
"நல்லாக் கேளும்."

ஒன்பது மாதத்தில் எங்காவது
ஒரு ஆணியாவது பிசகியிருக்கும் என்று
இருட்டில் இரண்டு பேரும்
கேட்டுக்கொண்டே இருந்தோம்.